உன் வயல் பேரில் எழுதிய கணக்கு

திருச்சி
ஆவணி

அன்புள்ள தம்பி சேகருக்கு,

அக்கா எழுதுகிறேன். மீனாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறார்கள் என்று நேற்று சின்னவள் போனில் சொன்னாள். நீ வயலில் இருந்தாயாம். நான் எழுதப்போவதைப் போனில் சொல்லத் தொடங்கினால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

போன வாரம் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்ட கம்பெனிக்காரர்கள், நெல் வயலில் தேங்கும் தண்ணீரால்தான் உலகம் சூடாகிறது என்று படம் போட்டுக் காட்டினார்களாமே. தண்ணீர் கட்டும் முறையை மாற்றினால் கார்பன் கிரெடிட் என்று பணம் தருவதாகச் சொன்னார்களாமே. "ஊருக்கே சோறு போடுறோம், நம்மளையே குத்தவாளி மாதிரி உக்கார வச்சுப் பேசுறானுங்கக்கா" என்றாயே, உன் குரலில் அந்த வருத்தத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று மட்டும்தான் நீ கேட்டாய். அதற்குப் பதில் சொல்லுமுன் அந்தக் குற்றச்சாட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

அவர்கள் சொன்னதில் வேதியியல் சரிதான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அதை மறைக்க மாட்டேன். வயலில் தண்ணீர் நின்றால் சேற்றுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் மட்கிய தாளையும் வேரையும் தின்று மீத்தேன் வாயுவை விடுகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே போகிறது. வேருக்குக் காற்றுக் கொண்டுபோகப் பயிர் வைத்திருக்கும் பாதையே வாயு வெளியேறும் பாதையாகவும் ஆகிவிடுகிறது. மனிதரின் செயல்களால் உலகில் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து வருகிறது. இதில் பொய் இல்லை.

ஆனால் எவ்வளவு, யாருடைய கணக்கில், எதற்காக என்ற மூன்று கேள்விகளை அந்தக் கூட்டத்தில் யாரும் எழுப்பவில்லை.

"எவ்வளவு" என்பதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1990 வாக்கில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை, இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்று மதிப்பிட்டது. நம் வயல்களில் அளந்து பார்த்துச் சொன்ன எண் இல்லை அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில வயல்களில் அளந்ததை இந்தியாவின் மொத்த நெல் பரப்பால் பெருக்கிய எண். 1991-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் நம் விஞ்ஞானிகள் வயலில் இறங்கினார்கள். பயிர் மேல் கண்ணாடி போன்ற பெட்டியைக் கவிழ்த்து வைத்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சி எடுத்து அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு! மானாவாரி நெல், இடையிடையே காய்ந்துபோகும் வயல், மட்குச் சத்துக் குறைந்த மண் என்று நம் நாட்டில் எத்தனை விதம் இருக்கிறது என்பதை அந்தப் பெருக்கல் பார்க்கவே இல்லை. நம் ஆட்கள் அளக்காமல் இருந்திருந்தால் அந்த முதல் எண்ணே இன்றுவரை உன் தலையில் இருந்திருக்கும்.

அதே 1991-ல் டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் எழுதினார்கள். வாஷிங்டனிலிருந்து வந்த ஓர் அறிக்கை, உலகைச் சூடாக்கும் முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவையும் சேர்த்திருந்தது. அந்தக் கணக்கை வரி வரியாகப் பிரித்துப் பார்த்து இருவரும் கேட்ட கேள்வி இது: மேற்கு வங்கத்திலும் தாய்லாந்திலும் ஒரு குடியானவன் சாப்பாட்டுக்காகப் போடும் நெல்லில் வரும் மீத்தேனையும், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எண்ணெயைக் குடிக்கும் கார்கள் விடும் புகையையும் ஒரே தராசில் வைக்கலாமா? கடலும் காடும் புகையை உறிஞ்சிக்கொள்ளும் அளவு எல்லாருக்கும் பொதுச் சொத்து என்றால், அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் பிறகல்லவா யார் மிஞ்சினார்கள் என்று சொல்ல வேண்டும்? இரண்டு வருஷம் கழித்து ஹென்றி ஷூ என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியரும் பிழைப்புக்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு என்று எழுதினார். நீ போனில் ஆத்திரத்தில் சொன்னதும் இதைத்தான் தம்பி. படித்தவர்கள் புத்தகம் எழுதிச் சொன்னதை நீ ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாய்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். மீத்தேன் காற்றில் சுமார் 12 வருஷம்தான் நிற்கும், பிறகு சிதைந்துவிடும். சிதைந்து மிஞ்சும் கார்பன்கூட உன் பயிர் முதலில் காற்றிலிருந்து எடுத்ததுதான். ஆக, தாத்தா காலத்துக் குறுவையில் வந்த வாயு இன்று வானத்தில் இல்லை. நிலக்கரியை எரித்து வரும் கரியமில வாயு அப்படிப் போவதில்லை, அதில் ஒரு பகுதி நூற்றுக்கணக்கான வருஷம் தங்கும். மான்செஸ்டர் பஞ்சாலைகளில் வெள்ளைக்காரன் எரித்த நிலக்கரியின் மிச்சம் இன்றும் நம் தலைக்கு மேல் இருக்கிறது. தொழிற்புரட்சி தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த கரியமில வாயுவில் கிட்டத்தட்ட கால் பங்கு அமெரிக்கா ஒரு நாட்டுடையது. உலக மக்களில் ஆறில் ஒருவர் இந்தியர், ஆனால் அந்தச் சேர்மானத்தில் நம் பங்கு நூற்றுக்கு மூன்று அளவுதான். இன்றைக்கும் ஓர் அமெரிக்கர் வருஷத்துக்குச் சுமார் 14 டன் விடுகிறார். ஓர் இந்தியரின் சராசரி 2 டன்.

உனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன். தலைமடைக்காரன் மடையை முழுக்கத் திறந்து தன் வயலையும் தோப்பையும் நிரப்பிக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகவே நடந்து கடைமடைக்கு வந்து, "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று வகுப்பு எடுத்தால் நம் ஊரில் விடுவார்களா? சிக்கனம் தப்பில்லை. அதைச் சொல்ல அவனுக்கு என்ன பாத்தியதை என்பதுதான் கேள்வி.

இந்த நியாயம் உலக நாடுகளுக்கும் தெரியும். 1992-ல் ரியோவில் போட்ட ஒப்பந்தத்திலேயே, பொறுப்பு எல்லாருக்கும் பொது, ஆனால் அதன் அளவு அவரவர் செய்ததற்கும் அவரவர் சக்திக்கும் தக்கபடி வேறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கையெழுத்திலிருந்து நழுவிய கதை. 1997-ல் கியோட்டோ ஒப்பந்தம் வந்தது, அமெரிக்கா கடைசிவரை அதை அங்கீகரிக்கவில்லை. 2009-ல், 2020-க்குள் ஏழை நாடுகளுக்கு வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் தருகிறோம் என்றார்கள். பணக்கார நாடுகளின் சொந்தக் கணக்குப்படியே அந்தத் தொகை எட்டப்பட்டது 2022-ல்தான், அதிலும் பெரும்பகுதி கடன். நம்மை மூழ்கடித்தவன் நமக்கே வட்டிக்குக் கொடுத்துவிட்டு அதற்கு உதவி என்று பெயரும் வைக்கிறான். 2024 நவம்பரில் பாகுவில் நடந்த பருவநிலை மாநாட்டில், ஏழை நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் தேவை என்றன. 2035-க்குள் 30,000 கோடி என்று முடித்துவிட்டார்கள். நம் நாட்டுப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா அந்த மேடையிலேயே, இது கண்கட்டு வித்தை என்று எழுந்து சொன்னார். அன்று இரவு அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

கஜா புயல் அடித்த 2018 நவம்பரை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கஜா ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இது புவி வெப்பத்தால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கடல் சூடாக ஆகப் புயலின் பலம் கூடும் என்பதை மட்டும் சொல்லலாம். வேரோடு விழுந்த தென்னைக்குப் பதில் கன்று வைத்து அது காய்க்கும்வரை ஒரு குடும்பம் எதைச் சாப்பிடும் என்ற கேள்விக்கு உலகத்தில் யார் பொறுப்பு? இதைக் கேட்டது நம்மைவிடச் சின்ன நாடு ஒன்று. பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு. தீவுக் கூட்டம், மூன்று லட்சத்துச் சொச்சம் ஜனங்கள். கடல் எங்கள் மேல் ஏறிவந்தால் அந்த நஷ்டத்துக்கு ஒரு காப்பீட்டு நிதி வையுங்கள், புகைவிட்டவர்கள் அதில் பணம் போடட்டும் என்று சின்னத் தீவு நாடுகள் சார்பில் அவர்கள் 1991-லேயே கேட்டார்கள். முப்பது வருஷம் தட்டிக் கழித்தார்கள். 2022-ல் எகிப்தில் ஒத்துக்கொண்டு, 2023 நவம்பர் 30 அன்று துபாயில் அந்த நிதியைத் தொடங்கினார்கள். எல்லா நாடுகளும் சேர்ந்து வாக்குக் கொடுத்தது ஏறக்குறைய 70 கோடி டாலர். அமெரிக்காவின் பங்கு 1 கோடியே 75 லட்சம். 2015-ல் பாம் என்ற ஒரே புயலில் வனுவாட்டு என்ற ஒரே நாடு இழந்தது சுமார் 45 கோடி டாலர் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார். அந்த நாட்டின் ஒரு வருஷ உற்பத்தியில் அது மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 2023 மார்ச்சில் அதே நாட்டை ஒரே வாரத்தில் இரண்டு புயல்கள் அடித்தன.

அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. 2019-ல் தெற்குப் பசிபிக் பல்கலைக்கழகத்தின் போர்ட் விலா வளாகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், இதை உலக நீதிமன்றத்துக்கே கொண்டுபோவோம் என்று கிளம்பினார்கள். நம் பெரியவள் வயதுப் பிள்ளைகள். அவர்கள் பேச்சை வனுவாட்டு அரசு காதில் வாங்கியது, ஒவ்வொரு நாடாகக் கதவைத் தட்டியது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை ஓட்டெடுப்பே இல்லாமல் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் இரண்டு வாரம் விசாரணை நடந்தது. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் எல்லாரும் ஒரே குரலில் கருத்துச் சொன்னார்கள்: பருவநிலையைக் காக்கும் கடமை நாடுகளுக்குச் சட்டப்படி உண்டு, நிலக்கரி, எண்ணெய் எடுக்க உரிமம் கொடுப்பதும் அதற்கு மானியம் கொடுப்பதும்கூடச் சட்டமீறலாகலாம், தீங்கு செய்த நாடு பாதிக்கப்பட்ட நாட்டுக்கு ஈடு செய்ய வேண்டி வரலாம். இது ஆலோசனைக் கருத்துதான், ஜப்தி பண்ணும் உத்தரவு இல்லை. ஆனாலும் இனி நஷ்ட ஈடு கேட்பவனைப் பார்த்துப் பிச்சை கேட்கிறான் என்று எவனும் சொல்ல முடியாது. எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் நாடு அந்த நீதிமன்றத்தில் பேசியதில் பாதி எனக்குச் சம்மதம், பாதி சம்மதமில்லை. பணக்கார நாடுகள்தான் முதல் பொறுப்பு என்றது சரி. இருக்கும் ஒப்பந்தங்களுக்கு மேல் புதுக் கடமை எதையும் உண்டாக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டது. வருஷக் கணக்கில் பார்த்தால் இன்று சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து அதிகம் புகைவிடும் நாடு நாம். தலைக்கு 2 டன் என்ற சராசரிக்குள் விறகடுப்பில் சமைப்பவளும் இருக்கிறாள், வீட்டில் நாலு ஏசியும் வாசலில் மூன்று காரும் வைத்திருப்பவரும் இருக்கிறார். "ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்ளுதல்" என்ற தலைப்பிலேயே கிரீன்பீஸ் இந்தியா 2007-ல் ஓர் அறிக்கை போட்டது. உலகத்திடம் உன் பெயரைச் சொல்லி நியாயம் கேட்கிற நாடு, அந்த நியாயத்தை உன் வாய்க்கால்வரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதுவரை அந்த வாதத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை நல்ல முறை. கையெழுத்துப் போடாமலே செய்யலாம், அதற்குக் கம்பெனி தேவையில்லை. ஓரடி நீளப் பிவிசி குழாயில் கீழ்ப் பாதி முழுக்கத் துளை போட்டு, வயலில் துளையிட்ட பாகம் மண்ணுக்குள் போகும்படி புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை வழித்து எடுத்துவிடு. நட்டு இரண்டு வாரம் கழித்துப் பார்க்கத் தொடங்கு. குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு வருமுன், ஆறு அங்குலம் இறங்கியதுமே, மறுபடி இரண்டு அங்குலம் கட்டு. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதே. இப்படிச் செய்தால் தண்ணீரில் கால் பங்குக்கு மேல்கூட மிச்சமாகும், மீத்தேன் ஏறத்தாழ பாதிவரை குறையும், விளைச்சல் குறையாது. யூரியாவை மட்டும் கண்டபடி இறைக்காதே. காய்ந்து நனையும் மண்ணில் அது வேறொரு வாயுவாகப் போய் லாபத்தைத் தின்றுவிடும்.

ஆனால் நம் பகுதியில் இதைச் செய்ய ஒரு முன்நிபந்தனை உண்டு. அது அவர்கள் காட்டிய படத்தில் இருந்திருக்காது என்று நிச்சயமாகத் தெரியும். கடைமடைக்காரன் வயலில் தண்ணீரைக் கட்டிவைப்பது முட்டாள்தனத்தால் இல்லை. அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாததால். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்பதே ஒவ்வொரு வருஷமும் கேள்வி. போர்செட் வைத்திருப்பவன் நம்பிக் காயவிடலாம். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவனிடம் காயவிடு என்றால், முறை தவறாமல் தண்ணீர் வரும் என்ற உறுதியை முதலில் யாராவது கொடுக்க வேண்டும். பருவநிலைக்காக நெல் வயலுக்குப் பணம் கொடுக்க விரும்புகிறவர்கள், வாய்க்காலைத் தூர்வாரிக் கடைசி மடையைச் சரிசெய்து கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கார்பன் கிரெடிட்டில் எனக்கு உறுத்துவது இதுதான். உன் வயலில் குறைந்த ஒரு டன்னை வாங்குகிறவன் அதைக் காட்டித் தன் புகைபோக்கியில் ஒரு டன் விட்டுக்கொள்வான். நீ குறைத்தது பன்னிரண்டு வருஷத்தில் எப்படியும் கரையும் வாயு, அவன் விடுவது உன் பேரன் காலத்திலும் நிற்கும் வாயு. இந்தப் பண்டமாற்றில் வானத்துக்கு நஷ்டம், உனக்குச் சில்லறை. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் கசியும் மீத்தேனைப் பிடித்தால் அதையே விற்றுக் காசாக்கலாம், பெரிய செலவும் இல்லை. அங்கே போகாமல் ஏன் உன் வரப்புக்கு வருகிறார்கள்? அதோடு, வயலில் உண்மையிலேயே குறைந்ததா என்று பார்ப்பதிலும் ஓட்டை. சீனாவில் 37 நெல் வயல் திட்டங்களை அவற்றைப் பதிந்த வெர்ரா அமைப்பே 2024-ல் தள்ளுபடி செய்தது. பணம் வருவதை நான் வெறுக்கவில்லை. உன் உழைப்பால் உலகத்துக்கு நன்மை வந்தால் அதற்கு உனக்குக் கூலி வர வேண்டும். அது உனக்குச் சேர வேண்டிய பாக்கியாக வரட்டும், இன்னொருவன் பாவத்தைக் கழுவும் ரசீதாக வேண்டாம்.

அதனால், மறுபடி வரும்போது தனியாக உட்காராதே. சங்கத்து ஆட்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு பேசு. ஒப்பந்தம் எத்தனை வருஷம், நடுவில் விலகினால் என்ன, கிரெடிட்டை என்ன விலைக்கு விற்றார்கள் என்று உங்களுக்குக் காட்டுவார்களா, அதில் உழவன் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஆற்றில் தண்ணீர் வராமல் பயிர் காய்ந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். யாருக்கு விற்பார்கள் என்பதையும் கேள், பதில் சொல்லத் தயங்கினால் அன்றைக்கே எழுந்துவிடு. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்களுக்குப் பங்கு உண்டா என்று மறக்காமல் கேள், நம் தெருவில் பாதிப்பேர் அவர்கள்தான்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எல்லாப் பக்கத்தையும், கடைசியில் பொடி எழுத்தில் இருப்பதையும் சேர்த்து, பெரியவளை விட்டுப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல். நான் தமிழில் எழுதி அனுப்புகிறேன், கூட்டத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டு. அதுவரை யாரும் கைநாட்டும் வைக்க வேண்டாம், ஆதார் நகலும் கொடுக்க வேண்டாம். சம்பா நாற்று விட்டாயிற்றா, எந்த ரகம் என்று எழுது. மீனாவின் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் மாமா வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா